வீட்டில் அகூஸ்டிக் கிட்டார் பதிவு: மைக்கை எங்கே வைப்பது?

கேள்வி: சார், என்னிடம் ஒரே ஒரு கண்டென்சர் மைக்தான் (மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் வகை). கிட்டார் ஓட்டைக்கு நேரே வைத்தால் பூம் பூம் என்று அடிக்கிறது. ஏன்?

பதில்: பெட்டிக்குள் இருக்கும் காற்று அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியே தள்ளுகிறது. ட்ரெட்நாட் (பெரிய உடல் கொண்ட) கிட்டாரில் அந்தக் காற்றின் அதிர்வு சுமார் 100 ஹெர்ட்ஸ் பக்கம். போதாததற்கு, கார்டியாய்டு மைக் (முன்பக்கச் சத்தத்தையே அதிகம் எடுப்பது) கிட்டே போகப் போக பேஸ் (தாழ்ந்த ஒலி) தானாகவே ஏறும். இரண்டும் சேர்ந்த சத்தம்தான் நீங்கள் கேட்பது.

மைக்கை 12ஆவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) நேரே, 25–30 செ.மீ. தள்ளி வையுங்கள். மைக்கின் முகத்தைக் கிட்டாரின் கழுத்தும் உடலும் சேரும் இடத்தை நோக்கி லேசாகத் திருப்புங்கள். இது தொடக்கம் மட்டுமே. கனமாகக் கேட்டால் கிட்டாரின் தலைப்பக்கம் நகர்த்துங்கள்; மெலிந்து கேட்டால் ஓட்டைப் பக்கம். ஒரு தடவைக்கு 5 செ.மீ. போதும். தனியாக இருப்பவர்கள், "12ஆவது ஃப்ரெட், 25 செ.மீ." என்று வாயால் சொல்லிவிட்டு அதே நான்கு கார்டை வாசித்துப் பதியுங்கள். பிறகு கேட்கும்போது எது எந்த இடம் என்று குழம்பாது. ஈக்யூவை (கனத்தையும் கூர்மையையும் கூட்டிக் குறைக்கும் வசதி) தொடுவதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

கேள்வி: அண்ணா, டைல்ஸ் போட்ட ரூம், எக்கோ தாங்கல. சுவர் பூரா முட்டை அட்டை ஒட்டட்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. அது பேஸைத் தொடவே தொடாது, தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. கார்டியாய்டு மைக் தன் முதுகுப் பக்கச் சத்தத்தை அதிகம் எடுக்காது. அது பார்ப்பது உங்களையும் உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். அதனால் மெத்தையையோ கனமான போர்வையையோ உங்கள் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள். பலர் மைக்குக்குப் பின்னால் மட்டும் கட்டிவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்கிறார்கள். தரையில் ஜமுக்காளம் விரியுங்கள். மூலையில் உட்காராதீர்கள், பேஸ் அங்கேதான் குவியும். ஃபேனை நிறுத்தாமல் பதிவு செய்யவே கூடாது.

கேள்வி: இரண்டு மைக் வைத்தேன். ஹெட்ஃபோனில் அருமை, மொபைல் ஸ்பீக்கரில் சத்தம் சூம்பிப்போகிறது.

பதில்: ஃபேஸ் பிரச்சினை, அதாவது ஒரே சத்தம் இரண்டு மைக்குக்கும் வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேர்வது. ஒரு மைக் இன்னொன்றைவிட 34 செ.மீ. தள்ளியிருந்தால் சத்தம் அதற்கு 1 மில்லிசெகண்ட் தாமதமாகப் போய்ச் சேரும். இரண்டையும் மோனோவில் (ஒற்றை ஸ்பீக்கரில் கேட்பது போல ஒரே சேனலாக) சம அளவில் கலந்தால் 500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றையொன்று அடித்துவிடும். கிட்டாரின் நடுப்பகுதி உயிரே அங்கேதான் இருக்கிறது. எக்ஸ்-ஒய் முறைக்கு மாறுங்கள்: ஒரே மாதிரி இரண்டு மைக், தலைகள் ஒன்றின்மேல் ஒன்று, நடுவில் 90 டிகிரி. அகலம் குறையும், ஆனால் மோனோவில் உடையாது. தள்ளித்தான் வைப்பேன் என்றால் ஒன்று 12ஆவது ஃப்ரெட்டில், மற்றொன்று பிரிட்ஜுக்கு (கம்பிகள் உடலில் கட்டப்பட்ட இடம்) பின்னால். இரண்டுக்கும் ஓட்டையிலிருந்து ஒரே தூரம் வருமாறு நூல் பிடித்து அளந்து வையுங்கள். பதிவுக்கு முன்பே மோனோ பட்டனை அழுத்திக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கெய்ன் (மைக் சத்தத்தை ஏற்றும் அளவு) எவ்வளவு?

பதில்: 24 பிட்டில் பதியுங்கள். பாடலிலேயே பலமாக அடிக்கும் இடத்தை வாசித்து, பீக் (மீட்டரில் காட்டும் உச்ச அளவு) மைனஸ் 12 டிபி பக்கம் நிற்குமாறு வையுங்கள்.

கேள்வி: டைனமிக் மைக் (தனி மின்சாரம் தேவைப்படாதது) போதுமா சார்?

பதில்: ஸ்ட்ரம்மிங்குக்கு (கம்பிகளைச் சேர்த்து அடித்து வாசிப்பது) தாராளமாகப் போதும், 15 செ.மீ. வரை கிட்டே கொண்டுபோங்கள். மெல்லிய ஃபிங்கர்ஸ்டைலுக்கு (விரலால் கம்பிகளை மீட்டுவது) கெய்னை நிறைய ஏற்ற வேண்டியிருக்கும், விலை குறைந்த இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) அப்போது இரைச்சல் மேலே வரும். அதற்குக் கண்டென்சர்தான் சரி. 48 வோல்ட் ஃபேண்டம் பவரை (கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம்) போட மறந்தால் அதில் சத்தமே வராது.