சிமென்ட் மங்கலாகத் தெரிந்தால் ரூட் கெனால் கெட்டுவிட்டதா?

கேள்வி: கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கெனால் செய்து ஓராண்டு ஆகிறது. வலி இல்லை. வேறொரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தவர்கள், "வேருக்குள் வைத்த சிமென்ட் மங்கிவிட்டது, கரைந்திருக்கும். மறுபடி செய்யுங்கள், இல்லையென்றால் பல்லை எடுத்து இம்ப்ளான்ட் வையுங்கள்" என்கிறார்கள். செய்யத்தான் வேண்டுமா?

பதில்: அந்த ஒரு படத்தை மட்டும் நம்பி எதுவும் செய்துகொள்ளாதீர்கள்.

படத்தில் தெரியும் வெள்ளைக்கும் சிமென்டின் தரத்துக்கும் தொடர்பில்லை. வெள்ளை தெரிவதற்கென்றே பேரியம் சல்ஃபேட், சிர்கோனியம் ஆக்சைடு போன்ற பொடிகளைக் கலக்கிறார்கள். வேரை அடைக்கும் வேலை அவற்றுடையது அல்ல. வேரை அடைக்கும் சிமென்டுக்கான பன்னாட்டுத் தரவிதி ஐ.எஸ்.ஓ. 6876 வெள்ளையைப் பற்றிக் கேட்பது இவ்வளவுதான்: 1 மி.மீ. தடிமனுள்ள சிமென்ட், குறைந்தது 3 மி.மீ. அலுமினியத் தகடு அளவுக்கு வெள்ளையாகத் தெரிய வேண்டும். எபாக்ஸி ரெசின் வகைகள் இதை வெகுவாகத் தாண்டும். கால்சியம் ஹைட்ராக்சைடு வகைகள் பொதுவாக எபாக்ஸி வகைகள் அளவுக்கு வெள்ளையாக இரா. உங்களுக்கு வைத்தது எந்த வகை என்று தெரியாமல் "மங்கிவிட்டது" என்று எப்படிச் சொல்ல முடியும்? உடம்புக்குள் நிரந்தரமாக இருக்கப்போகும் பொருளின் பெயரைச் சீட்டில் ஒரு வரி எழுதித் தர இத்தனை கிளினிக்குகளுக்கு ஏன் மனம் வருவதில்லை என்பது புரியவில்லை. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சிகிச்சை முடிந்த அன்று எடுத்த படத்தையும் கேளுங்கள். திரையை செல்போனில் பிடித்த படம் வேண்டாம், அசல் கோப்பே வேண்டும். மென்பொருளில் வெளிச்சத்தைக் கூட்டினாலோ குறைத்தாலோ அதே சிமென்ட் மங்கும், பளிச்சிடும். இரண்டு படங்களையும் அருகருகே வைத்து, அடைப்பு வேர் நுனிக்கு 2 மி.மீ.க்குள் முடிகிறதா, நடுவே கறுப்பு இடைவெளி உண்டா, நுனியைச் சுற்றி எலும்பில் கறுப்பு வட்டம் புதிதாக வந்திருக்கிறதா, இருந்தது பெரிதாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கறுப்பு வட்டம்தான் முக்கியம்; வேர் நுனியில் தொற்று இருக்கலாம் என்பதற்கு அது அடையாளம். கீழ்க் கடைவாய்ப்பல்லின் முன்வேரில் பெரும்பாலும் இரண்டு கால்வாய்கள் உண்டு. நேர்ப்படத்தில் ஒன்று மற்றதை மறைக்கும். ஆகவே எக்ஸ்ரே குழாயைப் பக்கவாட்டில் சுமார் 20 டிகிரி நகர்த்தி இன்னொரு படம் எடுக்க வேண்டும்.

"3டி ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும்" என்பார்கள். அடைப்புப் பொருளின் ஓரத்தில் அந்த ஸ்கேன் தானாகவே கறுப்புக் கோடுகளை உண்டாக்கும். அதையே விரிசல் என்று காட்டி இம்ப்ளான்ட் விற்பவர்களிடம் கவனமாக இருங்கள்.

வேர் நுனிக்கு வெளியே பிதுங்கிய சிறு வெள்ளைத் துளி நாளடைவில் மறைந்தால் கவலை வேண்டாம். உடம்பு அதை மெல்ல அகற்றுகிறது. கீழ்த்தாடையில் மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. அங்கே கடைவாய்ப்பல் வேர்களுக்குக் கீழே நரம்புக் குழாய் ஓடுகிறது. சிமென்ட் அதற்குள் போய்விட்டால், மரப்பு ஊசியின் வேகம் தணிந்த பிறகும் கீழுதடும் தாடையும் மரத்தே இருக்கும், அல்லது எரியும். "தானாகச் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் காத்திருக்கக் கூடாது. அன்றே, தாமதித்தாலும் மறுநாளுக்குள், வாய்-தாடை அறுவை மருத்துவரிடம் போய்விட வேண்டும். நாள் கடந்தால் நரம்பு மீள்வது கடினமாகிவிடும். உங்களுக்கு ஓராண்டாக அப்படி எதுவும் இல்லாததால் இந்தப் பயம் வேண்டாம்.

கறுப்பு வட்டம் இல்லை, கடித்தால் வலி இல்லை, ஈறில் கொப்புளம் இல்லை, மேலே போட்ட கேப் இறுக்கமாக இருக்கிறது என்றால் பல்லைத் தொட வேண்டாம். சிறு வட்டம் இருந்து, அது வளராமல் இருந்தால் ஆண்டுக்கொரு படம் எடுத்து நான்கு ஆண்டுவரை பார்க்கலாம். வட்டம் புதிதாக வந்தாலோ பெரிதானாலோ, வலியோ ஈறில் கொப்புளமோ வந்தாலோ வேர் சிகிச்சை நிபுணரிடம் இரண்டு படங்களோடும் போங்கள்.