மனுவில் பதினோரு கோரிக்கை, பதில் ஒன்றுகூட இல்லை: ஏன்?

கேள்வி: ஏற்காடு மலையில் ஒரு சிற்றூரில் மகளிர் சுய உதவிக் குழுவின் செயலாளராக இருக்கிறேன். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், எங்கள் ஊரில் இரண்டு பேர் மூச்சுத் திணறி, சேலம் போய்ச் சேருவதற்குள் இறந்துவிட்டார்கள். அரசும் தொழில் நிறுவனங்களும் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 200 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டு, பிரதமர், முதலமைச்சர், கலெக்டர், பெரிய கம்பெனிகள் என்று பதினான்கு முகவரிகளுக்கு மனு அனுப்பினோம். ஒரு பதிலும் வரவில்லை. இன்னொரு தொற்று வந்தால் யாரிடம், எப்படிக் கேட்க வேண்டும்? கம்பெனிகளிடம் கேட்க எங்களுக்கு உரிமை உண்டா? கேட்டால் கேஸ் போடுவார்களா? மனுவின் நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்: நீங்கள் அனுப்பிய நகலை மூன்று முறை படித்தேன், சகோதரி. மூன்று பக்கம், பதினோரு கோரிக்கை. ஆக்சிஜன், தடுப்பூசி, தோட்டத்தில் வேலை இழந்தவர்களுக்குக் கூலி, ரேஷன், பஸ், டாஸ்மாக் கடையை மூடுவது, மருந்துக் கம்பெனிகள் காப்புரிமையை விட்டுக்கொடுப்பது என்று போகிறது. ஒன்றுகூட அநியாயமான கோரிக்கை இல்லை. ஆனால் கடைசி வரியைப் பாருங்கள்: "அரசும் தொழில் நிறுவனங்களும் போர்க்கால அடிப்படையில் நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்." இந்த வரியைப் படிக்கும் பதினான்கு பேரும் மற்ற பதின்மூன்று பேரில் ஒருவர் செய்வார் என்று நினைத்துக்கொள்ளலாம்.

வருவாய்த் துறையில் மனுக்களைப் பிரித்துப் படிக்கும் மேஜையில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். மனு வந்ததும் முத்திரை குத்தி, எண் போட்டு, எந்தப் பிரிவுக்கு என்று ஓரத்தில் எழுதி அனுப்புவோம். ஒரு மனுவுக்கு ஒரு எண், ஒரு எண்ணுக்கு ஒரு பிரிவு. வேறொரு மாவட்டத்தில் நான் இருந்த அலுவலகத்துக்கு உங்கள் மனுவைப் போலவே ஒன்று வந்தது. முதல் கோரிக்கை டாஸ்மாக் பற்றியது என்பதால் மனு அந்தப் பிரிவுக்குப் போய்விட்டது. ஆறாவது கோரிக்கையாக ஆக்சிஜன் சிலிண்டர் கேட்டிருந்தார்கள். பத்து நாள் கழித்துத்தான் அது என் கண்ணில் பட்டது. அந்தப் பத்து நாளை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், தொற்றுக் காலத்தில் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2020-இல் ஊரடங்கு போட்டது பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் கீழ். இந்தச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஒன்று உண்டு, அதன் தலைவர் கலெக்டர். 65-ஆவது பிரிவு முக்கியமானது. மீட்புப் பணிக்கு அவசரமாகத் தேவைப்பட்டால், ஒரு கட்டடத்தையோ வண்டியையோ வேறு பொருளையோ எழுத்துபூர்வமான உத்தரவு போட்டு எடுத்துக்கொள்ள இந்த ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. எடுத்ததற்கு இழப்பீடு தர வேண்டும் என்று அடுத்த பிரிவு சொல்கிறது. இதைத் தவிர, 1897-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம் இருக்கிறது. பம்பாயில் பிளேக் பரவியபோது வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது. அதில் அதிகாரம் பெரும்பாலும் மாநில அரசிடம். மலைக்கு ஓர் ஆம்புலன்ஸ் நிரந்தரமாக நிற்க வேண்டும், பூட்டிக் கிடக்கும் விடுதி ஒன்றைச் சிகிச்சை மையமாக்க வேண்டும் என்பதையெல்லாம் பிரதமருக்கு எழுதத் தேவையில்லை. கலெக்டருக்கு, அதுவும் "மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத் தலைவர்" என்று குறிப்பிட்டு எழுதுங்கள். அந்த ஒரு சொல்லைப் பார்த்தாலே மனு எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று மேஜையில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

இனி கம்பெனிகள். தாராளமாகக் கேட்கலாம், உரிமையோடு கேட்கலாம். ஆனால் கம்பெனியிடம் பொதுவாக "உதவுங்கள்" என்று எழுதினால், நன்றிக் கடிதம் வந்தாலே பெரிது. அவர்களிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்து, அதைக் கேட்க வேண்டும். நம் ஊரிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 2021 மே மாதம் சேலம் உருக்காலை வளாகத்தில் ஆக்சிஜன் வசதியோடு 500 படுக்கைகள் போடப்பட்டதே, நினைவிருக்கும். ஏன் அங்கே போட்டார்கள்? துருப்பிடிக்காத எஃகு செய்ய ஆக்சிஜன் வேண்டும். அதனால் அது ஆலையிலேயே கிடைக்கும். திரவ ஆக்சிஜனைச் சாலையில் கொண்டுபோவது லேசான காரியமில்லை. அது மைனஸ் 183 டிகிரியில் இருப்பது, தனி வகை டேங்கர் வேண்டும், நாடு முழுவதும் அந்த டேங்கருக்கே அப்போது தட்டுப்பாடு. ஆக்சிஜனைப் படுக்கைக்குக் கொண்டுபோக முடியாதபோது, படுக்கையை ஆக்சிஜன் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அதற்குச் சில வாரம் முன்புதான் தொழிற்சாலைகள் ஆக்சிஜனைத் தங்கள் தேவைக்கு எடுத்துக்கொள்ள மத்திய அரசு தடை போட்டிருந்தது. தொழில்துறையிடம் கேட்பதற்கு இதைத்தான் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டும். லாரி உரிமையாளர்களிடம் வண்டி, மலையிலுள்ள விடுதிகளிடம் அறை, ஜவ்வரிசி ஆலையிடம் காலியாகக் கிடக்கும் கிடங்கு. இப்படி அவரவரிடம் உள்ளதைக் கேளுங்கள். கம்பெனிக்கு எழுதும் கடிதத்தின் நகலைக் கட்டாயம் கலெக்டருக்கும் வையுங்கள். கேட்பது நீங்களாக இருந்தாலும், உத்தரவு போட முடிந்தவர் அவர்தான்.

பணமாகவோ கருவியாகவோ வேண்டுமானால் இன்னொரு வழி இருக்கிறது. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய் உள்ள கம்பெனி, கடந்த மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். இதைத்தான் சிஎஸ்ஆர் என்கிறார்கள். தான் இயங்கும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டத்திலேயே இருக்கிறது. இது கருணை இல்லை, அவர்கள் கடமை. எனவே தயங்காமல் கேளுங்கள். கொரோனாவுக்குச் செலவிடுவது இதில் சேரும் என்று மத்திய அரசு 2020 மார்ச் 23-ஆம் தேதியே தெளிவுபடுத்தியது. தற்காலிக மருத்துவமனை, ஆக்சிஜன் உற்பத்திக் கருவி எல்லாம் சேரும் என்று 2021 ஏப்ரல், மே மாதங்களில் மறுபடியும் சொன்னது. ஆனால் ஊரடங்கில் தொழிலாளர்களுக்குக் கொடுத்த வழக்கமான சம்பளத்தை இந்தக் கணக்கில் காட்ட முடியாது. அதனால் கூலிக் கோரிக்கையையும் சிஎஸ்ஆர் கோரிக்கையையும் ஒரே கடிதத்தில் கலக்க வேண்டாம். அப்புறம், கருவியை உங்கள் குழுவின் பெயருக்குக் கேட்காதீர்கள். பதிவு, கணக்கு என்று சிக்கல் வரும். அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ கொடுக்கும்படி கேளுங்கள். வாங்கிக்கொள்ளச் சம்மதம் என்று மருத்துவ அலுவலரிடம் முன்பே ஒரு கடிதம் வாங்கி இணைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எப்படி எழுதுவது என்பதற்கு ஒரு மாதிரி தருகிறேன். எண்களை உங்கள் ஊர்ப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

"எங்கள் ஊரில் 140 வீடுகள். 60 வயதுக்கு மேற்பட்டோர் 48 பேர். கடந்த 7 நாளில் காய்ச்சல், மூச்சுத் திணறல் 19 பேருக்கு. விரலில் ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்த்ததில் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழ் உள்ளவர்கள் 4 பேர். சேலம் அரசு மருத்துவமனைக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்ட வேண்டும். எனவே ஒரு ஆக்சிஜன் செறிவூட்டியும், மின்சாரம் போனால் மாற்றாக இரண்டு பெரிய சிலிண்டரும் சுகாதார நிலையத்தில் வைக்க உத்தரவிடுமாறு வேண்டுகிறோம். எடுத்த நடவடிக்கையைத் தெரிவிக்கவும்."

இவ்வளவுதான், அரைப் பக்கம். செறிவூட்டியோடு சிலிண்டரையும் ஏன் சேர்த்தேன் என்றால், செறிவூட்டி என்பது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி, மின்சாரத்தில் ஓடுவது. மழையில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் உங்கள் மலையில் எத்தனை மணி நேரம் கரண்ட் இருக்காது என்று உங்களுக்குத்தான் தெரியும். சுமார் 7,000 லிட்டர் பிடிக்கும் பெரிய சிலிண்டர், நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் ஒருவருக்குக் கொடுத்தால் ஏறக்குறைய 23 மணி நேரம் வரும். இரண்டு சிலிண்டர் என்றால் ஒருவரை இரண்டு நாள் தாக்குப்பிடிக்க வைக்கலாம். இந்தக் கணக்கும் மனுவில் ஒரு வரியாக இருந்தால் "இரண்டு எதற்கு" என்று யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

தோட்டக் கூலி தனிக் கதை. ஊரடங்கில் முழுச் சம்பளம் தர வேண்டும் என்று மத்திய அரசு 2020 மார்ச் 29-இல் உத்தரவு போட்டது, மே 18-இலிருந்து அதை விலக்கிக்கொண்டது. முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று ஜூன் 12-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக அந்த உத்தரவு ஐம்பது நாள்தான் நின்றது. இப்படிப்பட்ட உத்தரவு வந்தால், அது நடப்பில் இருக்கும்போதே, தேதியையும் எண்ணையும் குறிப்பிட்டுத் தொழிலாளர் துறைக்கு எழுதிவிட வேண்டும். எஸ்டேட்டில் வேலை செய்பவர்களுக்கு மருத்துவ வசதி செய்துதரும் பொறுப்பு நிர்வாகத்துக்கு உண்டு என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே வைத்திருந்தது. அதையும் தொழிலாளர் துறை வழியாகத்தான் கேட்க வேண்டும்.

காப்புரிமை, தடுப்பூசி விலை இரண்டும் டெல்லி விஷயம். எழுதிப் பயனில்லை என்று சொல்ல மாட்டேன். 2020 மார்ச்சில் முகக்கவசத்தையும் சானிடைசரையும் அத்தியாவசியப் பொருளாக அறிவித்து, 200 மில்லி சானிடைசர் 100 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது மத்திய அரசுதான். 2021-இல் தடுப்பூசிக்கு மத்திய அரசுக்கு ஒரு விலை, மாநிலத்துக்கு ஒரு விலை என்று வந்தபோது நாடே கேள்வி கேட்டது, உச்ச நீதிமன்றமும் கேட்டது. 18 வயதுக்கு மேற்பட்டோருக்கும் இலவசம் என்று ஜூன் 7-ஆம் தேதி அறிவிப்பு வந்தது. அது பல லட்சம் குரல் சேர்ந்து நடந்த காரியம். அந்தக் குரலில் உங்களுடையதும் இருக்கட்டும். உங்கள் எம்.பி.க்குத் தனியாக ஒரு கடிதம் போடுங்கள். மலையில் இன்றிரவு மூச்சுத் திணறுபவருக்காக எழுதும் மனுவோடு மட்டும் இதைச் சேர்க்காதீர்கள்.

கேஸ் பயம் பற்றி. ஆக்சிஜன் இல்லை, படுக்கை இல்லை என்று வெளியில் சொன்னதற்காக மக்கள் மேல் நடவடிக்கை எடுத்தால் அதை நீதிமன்ற அவமதிப்பாகக் கருதுவோம் என்று 2021 ஏப்ரல் 30-ஆம் தேதியிட்ட உத்தரவில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. நடந்ததை நடந்தபடி எழுதினால் பயப்பட வேண்டாம். ஆனால் பொய்யான தகவலைப் பரப்பிப் பீதி கிளப்பினால் பேரிடர் சட்டத்தின் 54-ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. அதனால் வாட்ஸ்அப்பில் வந்த சாவு எண்ணிக்கையை மனுவில் ஏற்றாதீர்கள். உங்கள் கண்ணால் பார்த்தது, உங்கள் குழு வீடு வீடாகப் போய் எண்ணியது, இவை போதும்.

மனுவைக் கொடுத்த பிறகுதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நேரில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். தபால் என்றால் பதிவுத் தபால். முதலமைச்சர் உதவி மையத்தின் 1100-க்குப் போன் செய்தால் தரும் மனு எண்ணைக் குழு நோட்டில் எழுதிவையுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "எங்கள் மனு எந்த அலுவலரிடம், எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, அவர் என்ன நடவடிக்கை எடுத்தார்" என்று கேளுங்கள். சாதாரணமாக 30 நாளில் பதில் தர வேண்டும். பலருக்கும் தெரியாத ஒன்று: ஒருவரின் உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று 7-ஆவது பிரிவில் இருக்கிறது. "உயிர் சம்பந்தப்பட்டது, பிரிவு 7(1)-இன்படி 48 மணி நேரத்தில் தரவும்" என்று மேலேயே எழுதிவிடுங்கள்.

கிராம சபைத் தீர்மானத்துக்கு மதிப்பு அதிகம், ஆனால் தொற்று வந்தபின் அதை நம்பியிருக்க முடியாது. 2020 அக்டோபர் 2-ஆம் தேதிக் கிராம சபையே கொரோனாவால் ரத்தானது. எனவே வரும் கிராம சபையிலேயே, அவசர காலத்தில் சுகாதார நிலையத்தில் என்னென்ன இருக்க வேண்டும், எந்தக் கட்டடத்தைச் சிகிச்சைக்குத் தரலாம் என்று ஒரு தீர்மானம் போட்டு நகல் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். வீடுகள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், ஜீப் வைத்திருப்பவர்கள் என்று ஒரு கணக்கெடுப்பும் வேண்டும். உங்கள் குழுவில் பத்துப் பேர் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைத் திருத்தினால் போதும். கணக்கெடுத்து முடித்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். மனுவை நான் சரிபார்த்துத் தருகிறேன்.