உள்ளூர் பறவை பார்க்குற குழுவுல வருஷம் பூரா என்னதான் பண்ணுவாங்க? பறவை பேரு தெரியாதவன் சேரலாமா?

கோயமுத்தூர்ல ஒரு சின்னக் குழுவுல ஏழு வருஷமா இருக்கேங்க, அந்த தகுதில சொல்றேன். தலைவர், செயலாளர், ரசீது புக்கு எதுவும் கிடையாது. வாட்ஸ்அப்ல நூத்திச் சொச்சம் பேர் இருக்கோம், ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு குளத்துக்கரைக்கு வந்து நிக்கிறது எட்டு பத்து பேரு. மழை பேஞ்சா மூணு.

எங்களுக்கு வருஷம் ஜனவரில பொறக்காது, ஆகஸ்ட் கடைசிலதான். வடக்க இருந்து வர்ற வலசைப் பறவைங்க அப்பதான் தலைகாட்ட ஆரம்பிக்கும். மலையடிவாரத்து ஓடைப் பக்கம் கருஞ்சாம்பல் வாலாட்டி, குளத்துச் சேத்துல பொரி உள்ளான். யாராவது ஒருத்தர் மங்கலான ஒரு போட்டோவைப் போட்டு "வந்துருச்சு"ன்னு ஒத்த வார்த்தை போடுவாங்க, எது வந்துச்சுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. புதுசா சேந்தவங்கதான் "யாரு வந்தது?"ன்னு கேப்பாங்க, அவங்களுக்கு பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆன எங்க சார் ஒரு பெரிய வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார், ஏழு நிமிஷம் ஓடும்.

செப்டம்பர்ல இருந்து மாசம் ரெண்டு ஞாயிறு கணக்கெடுப்பு. சிங்காநல்லூர், உக்கடம் பெரியகுளம், சூலூர், கிருஷ்ணாம்பதின்னு ஆளுக்கு ஒரு குளம் பிரிச்சுக்குவோம். நெறைய பேர் கற்பனை பண்ற மாதிரி அபூர்வப் பறவையைத் தேடி காடு காடா அலையுற வேலை இல்லீங்க இது. அதே குளம், அதே கரை, கூட்டமா மிதக்குற அதே நாமக்கோழிங்கிற கறுப்பு நீர்ப்பறவை. இருநூறு நாமக்கோழியை ஒவ்வொண்ணா எண்ண முடியாது, முதல்ல பத்தை எண்ணி அந்த பத்து எவ்வளவு இடத்தை அடைக்குதுன்னு கண்ணுல பிடிச்சுக்கிட்டு, அந்த அளவை அப்படியே கூட்டத்து மேல நகட்டிக்கிட்டே போகணும். பாதில ஒரு சேற்றுப் பூனைப்பருந்து தாழ்வா பறந்து வரும், மொத்தமும் எந்திரிச்சு ஒரு சுத்து சுத்தி எடம் மாறி உக்காரும், மறுபடி முதல்ல இருந்து. போன வருஷம் நான் புள்ளிமூக்கு வாத்து 80ன்னு, பாத்த பறவைங்களைப் பதிவு பண்ற ஈபேர்ட் ஆப்ல போடறதுக்கு பதிலா 800ன்னு போட்டுட்டேன். அதைச் சரிபாக்குறவரும் எங்களை மாதிரி சம்பளமில்லாத தன்னார்வலர்தான், "போட்டோ ஏதாச்சும் இருக்குங்களா?"ன்னு ரொம்ப மரியாதையா மெயில் அனுப்பிருந்தார். அதுல இருந்து குழுவுல எனக்குப் பேரு எண்ணூறு.

இந்த சலிப்பு பிடிச்ச வேலை எதுக்குன்னா, 2023ல வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கைல 942 இனங்களைப் பத்தி எழுதிருக்காங்க, அதுக்கு அடிப்படை முப்பதாயிரத்துக்கு மேல சாதாரண ஆளுங்க பதிவு பண்ணுன பட்டியல்கள்தான். எந்தப் பறவை குறையுதுன்னு சொல்லணும்னா அது நெறைய இருந்த காலத்துல யாராச்சும் எண்ணி வச்சிருக்கணும்ல. அபூர்வப் பறவை போட்டோ எடுக்க ஊருப்பட்ட பேர் ஓடுவாங்க, மைனாவை எண்ண ஆள் கிடைக்காது.

அக்டோபர்ல எங்களுக்கு ஃபோன் வர ஆரம்பிக்கும். "ஏனுங்க, அபார்ட்மென்ட் பார்க்கிங்ல ஒம்போது கலர்ல ஒரு குருவி உக்காந்திருக்கு, யாரோ வளத்துனது தப்பிச்சு வந்துருச்சாட்ட"ம்பாங்க. நேர்ல போய்ப் பாக்காமயே சொல்லிருவோம், ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்துலயும் நடு இந்தியாவுலயும் குஞ்சு பொரிச்சுட்டு குளிருக்கு நம்ம பக்கம் வரும், ராத்திரில பறந்து வரும், களைச்சுப்போய் வெளிச்சத்துலயும் கண்ணாடிலயும் தடுமாறி இப்படி வீட்டுக்குள்ள விழுந்துரும். பாவம்னு சொல்லி வாயைத் திறந்து தண்ணி ஊத்திராதீங்க, மூச்சுக்குழல்ல போய்ட்டா அவ்வளவுதான். காத்துப் போக ஓட்டை போட்ட அட்டைப்பெட்டில வச்சு மூடி, இருட்டா சத்தமில்லாத ரூம்ல சில மணி நேரம் விட்டா போதும், பெரும்பாலும் தானா தெளிஞ்சுரும், அப்புறம் பூனை இல்லாத புதர்ப் பக்கமா விட்டுரலாம். ரெக்கை தொங்குனா மட்டும் கால்நடை டாக்டர், வனத்துறைன்னு தகவல் சொல்லணும். போன அக்டோபர்ல ஒரு பாட்டி அதைச் சேலை முந்தானைல சுத்தி மடில வச்சுக்கிட்டு, நாங்க போற வரைக்கும் டிவியைக் கூட போட விடலயாம். சாயங்காலம் விட்டப்ப "போயிட்டு வா கண்ணு"ன்னு அனுப்பி வச்சாங்க.

நவம்பர் 12 பறவை ஆராய்ச்சியாளர் சலீம் அலி பிறந்தநாள், ஏதாவது ஒரு ஸ்கூலுக்குப் போவோம். எந்த ஸ்கூலா இருந்தாலும் "செல்ஃபோன் டவரால சிட்டுக்குருவி அழிஞ்சிருச்சாமே?"ன்னு ஒரு கேள்வி கண்டிப்பா வரும். பெரிய நகரங்கள்ல குறைஞ்சிருக்கு, ஆனா நாடு முழுக்க அழிஞ்சு போகல, டவர்தான் காரணம்னும் நிரூபணம் ஆகல, கூடு கட்ட சந்துபொந்து இருந்த வீடு போச்சு, குஞ்சுக்கு ஊட்ட பூச்சி போச்சுன்னு சொன்னா பசங்க ஏத்துக்குவாங்க, டீச்சருங்களுக்குத்தான் ஏமாத்தமா இருக்கும்.

ஜனவரிதான் உச்சம். ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு (1987ல இருந்து நடக்குது) ஒரு பக்கம், 2015ல தமிழ்நாட்டு பறவை ஆர்வலர்கள் ஆரம்பிச்ச பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இன்னொரு பக்கம். பொங்கலுக்கு ரொம்ப சுலபம், பதினஞ்சு நிமிஷம் ஒரு எடத்துல நின்னு பாத்ததைப் போட்டா போதும், அதனால மாமனார் ஊருக்குப் போனவங்களும் தோட்டத்துல இருந்து பட்டியல் அனுப்புவாங்க. பிப்ரவரில ஜிபிபிசிங்கிற உலக அளவுப் பறவைக் கணக்கெடுப்பு வர்றதுக்குள்ள பாதிப் பேருக்கு வீட்டுல திட்டு விழுந்திருக்கும்.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, நொய்யல் ஆத்துல தண்ணி வந்து குளம் ததும்புனா ஊரே சந்தோஷப்படும், நாங்க மட்டும் கரைல நின்னு உச்சு கொட்டுவோம். குச்சிக் காலுள்ள உள்ளான்களுக்கு ஆழமில்லாத சேறு வேணும், குளம் முட்டி நின்னா அதுங்க வேற எடம் பாத்துப் போயிரும், கூழைக்கடாவும் நீர்க்காகமும்தான் மிச்சம். ஆகாயத்தாமரையும் அப்படித்தான், முழுசா மூடுனா குளம் நாறிரும், ஒரேயடியா வழிச்சு எடுத்துட்டு கரை முழுக்க கல்லு பதிச்சா தாழைக்கோழிக்கு ஒளிய எடமில்ல. கொஞ்சம் விட்டு வைங்கன்னு நாங்க மனு குடுத்ததுண்டு, பதில் வரல.

குளத்தைப் பத்தி எங்களை விட நல்லா தெரிஞ்சவர் மீன் குத்தகைக்காரர்கிட்ட வேலை பாக்குற பரிசல்கார அண்ணன். முதல் வருஷம் நாங்க ஆளாளுக்கு புத்தகத்தைப் புரட்டி ஆஸ்ப்ரேன்னு, அதாவது மீன் பிடிக்கிற ஒரு கழுகு வகைன்னு, முடிவு பண்ணிட்டு இருந்தப்ப, பரிசல்ல இருந்தே "அது விராலடிப்பானுங்க, நாலு நாளா அந்த மொட்ட மரத்துலதான் உக்காருது"ன்னுட்டுப் போனார். விரால் மீனை அடிக்கிறது விராலடிப்பான், இதை விட நல்ல பேர் எவன் வைப்பான்? இப்பல்லாம் முதல்ல அவர்கிட்ட விசாரிச்சுட்டுத்தான் பைனாகுலரை எடுக்குறோம்.

மார்ச், ஏப்ரல்ல குளிருக்கு வந்த சூறைக்குருவிங்க கூட்டமா திரும்பக் கெளம்பும், வாத்துங்க காலியாகும். மே மாசம் உலகம் முழுக்க ஒரே நாள்ல நடக்குற பெருங்கணக்கெடுப்பு ஒண்ணு இருக்கு, அதுக்கு நாலு பேர் தேறுவோம். குழு உடையுறதுன்னா இந்த சமயத்துலதான் உடையும். எங்களுக்கு நடந்தது ஒரு கூட்டை வச்சு. குழுவுல ஒருத்தர் கிட்ட போய் இலையெல்லாம் விலக்கி குஞ்சுகளை போட்டோ எடுத்து எடத்தோட சேத்துப் போட்டுட்டார், ரெண்டே நாள்ல கேமராவும் கையுமா ஒரு கூட்டம், தாய்ப்பறவை கூட்டுக்கே வரல. அவரைக் கேட்டோம், கோவிச்சுக்கிட்டு ஏழெட்டு பேரோட வெளிய போய்ட்டார். அதுல ரெண்டு பேர் எனக்கு நல்ல சினேகிதங்க, இன்னும் சரியா பேசுறதில்ல. அதுல இருந்து எங்ககிட்ட இருக்குற ஒரே சட்டம், கூட்டுப் படம் போடக்கூடாது.

ஜூன், ஜூலைல தூக்கணாங்குருவி பாதிக்கூடு கட்டித் தொங்க விட்டுட்டு பொண்ணு வந்து பாக்குதான்னு ரெக்கையை அடிச்சுக்கிட்டு கத்திட்டு இருக்கும், அதைப் பாத்துக்கிட்டே பொழுது போயிரும். போன ஜூலைல ஒரு ஞாயிறு நானும் பேங்க் சாரும் மட்டும்தான் வந்தோம், மொத்தம் பத்தொம்போது வகை, புதுசா ஒண்ணுமில்ல. "எழுது எண்ணூறு, இதுவும் கணக்குதான்"னார்.

சேரலாமான்னு கேட்டீங்க. பேரு தெரியாட்டி பரவால்ல, நான் வந்தப்ப காக்காவும் மைனாவும் தான் தெரியும், மடையானையே கொக்குன்னுதான் சொல்லிட்டு இருந்தேன். பைனாகுலர் வாங்கிட்டு வரணும்னு காத்திருக்காதீங்க, எட்டு பேருக்கு மூணுதான் இருக்கு, கை மாறிட்டே இருக்கும். பறவையை அடையாளம் காட்டுற மெர்லின் ஆப் வச்சுக்கோங்க, ஆனா அது சொன்னதை அப்படியே எழுதாதீங்க, கண்ணால பாத்துட்டு எழுதுங்க. தொப்பி, தண்ணி பாட்டில், டீக்கு சில்லறை. ஆறு மணின்னா ஆறு மணி, ஆறரைக்கு வந்தா பாதிக் கரை தாண்டிப் போயிருப்போம்.