களரா, உவரா, சுண்ணாம்பா? மண்ணின் பி.எச். பற்றிய கேள்வி பதில்

கேள்வி (திருச்சி, மணிகண்டம்): மண் வள அட்டையில் பி.எச். (புளிப்பு, கார அளவு) 9.2, இ.சி. (கரைந்த உப்பின் அளவு) 0.9 என்று வந்திருக்கிறது. நெல் நாற்று பிடிக்கவே மாட்டேன் என்கிறது. சுண்ணாம்பு போடச் சொல்கிறார்கள், போடலாமா?

பதில்: கூடவே கூடாது, ஐயா. சுண்ணாம்பு புளித்த மண்ணுக்குத்தான். உங்களுடையது களர், அதாவது சோடியம் ஏறிய கார மண். பி.எச். 8.5க்கு மேல், இ.சி. 4க்குக் கீழ் என்றாலே சோடியம்தான் சிக்கல் என்று சந்தேகிக்க வேண்டும். காய்ந்தால் பாறை, நனைந்தால் வழவழப்பு, கட்டிய தண்ணீர் நாள் கணக்கில் கலங்கலாகவே நிற்பது, இவை இருந்தால் சந்தேகமே வேண்டாம். மருந்து ஜிப்சம். அதிலுள்ள கால்சியம், மண் துகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தை இறக்கிவிடும்.

எவ்வளவு என்பதை அட்டை சொல்லாது. ஆய்வுக்கூடத்தில் ‘ஜிப்சம் தேவை’ என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள். அதில் பாதியளவு போட்டாலே பெரும்பாலும் நெல்லுக்குப் போதும். வயலைச் சமன் செய்து, சிறு பாத்திகளாக வரப்பு கட்டி, வடிகால் வெட்டிய பிறகுதான் ஜிப்சம். மேல் 10 செ.மீ. மண்ணில் மட்டும் கலக்கவும். ஆழ உழுதால் வீரியம் பரவிப் போய்விடும். 10 செ.மீ. உயரத்துக்கு நல்ல தண்ணீர் கட்டி, 4, 5 நாள் நிறுத்தி, வடித்துவிடுங்கள். இப்படி மூன்று நான்கு முறை. பலர் கோட்டை விடுவது வடிப்பதில்தான். இறங்கிய சோடியம் வயலைவிட்டு வெளியேறாவிட்டால் போட்ட காசு தண்டம்.

பிறகு பசுந்தாள் உரமாக ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில், சுமார் 45 நாளில் மடக்கி உழுங்கள். நெல்லில், களரைத் தாங்கும் திருச்சி 3 ரகம் எடுக்கலாம். களரில் துத்தநாகம் கிடைக்காது. ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து நடவுக்கு முன் தூவுங்கள்.

கேள்வி (நாகை கடலோரம்): எனக்கு பி.எச். 7.9, இ.சி. 6. நானும் ஜிப்சம் வாங்கவா?

பதில்: வேண்டாம். இது உவர், அதாவது உப்பு ஏறிய மண். நல்ல தண்ணீர் கட்டி உப்பைக் கழுவி வடிகாலில் விட்டால் போதும். மழைக்காலத்தைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி (பல்லடம்): நிலக்கடலை இளம் இலை வெளிறி மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை. பி.எச். 8.3. ஜிப்சம் போட்டும் பி.எச். இறங்கவில்லையே, அண்ணா?

பதில்: இறங்காது. ஒரு கட்டி மண்ணில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். சுர்ரென்று நுரைத்தால் சுண்ணாம்பு மண். அங்கே ஜிப்சத்துக்கு பி.எச்.சைக் குறைக்கும் வேலையே இல்லை. 45ஆம் நாள் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ போடுவது காய் திரள்வதற்காக, அவ்வளவுதான்.

மஞ்சளுக்குக் காரணம் இரும்பு. மண்ணில் இருக்கும், வேருக்கு எட்டாது. 10 லிட்டர் தண்ணீரில் முதலில் 10 கிராம் சிட்ரிக் அமிலம், அது கரைந்ததும் 50 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்). வெயில் தாழ்ந்த பிறகு தெளித்து, பத்து நாள் இடைவெளியில் மீண்டும் ஒரு முறை. கரைசல் துரு நிறத்துக்குத் திரும்பிவிட்டால் கீழே ஊற்றிவிடுங்கள். அந்த இரும்பு இலைக்குள் போகாது.

கேள்வி (கோத்தகிரி): உருளையும் முட்டைகோசும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். பி.எச். 4.7. சுண்ணாம்பு எப்போது?

பதில்: உருளை எடுத்த பிறகு, கோசுக்கு முன். 5க்குக் கீழே அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்குகிறது, மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) பயிருக்குக் கிடைக்காமல் பூட்டிக்கொள்கிறது. கோசில் வேர்முடிச்சு நோயும் புளித்த மண்ணில்தான் ஆட்டம் போடும். ஆனால் உருளைக்கு நெருக்கத்தில் சுண்ணாம்பைக் கொட்டினால் கிழங்கில் சொறி வரும். மலை மண்ணில் மக்கிய பொருள் அதிகம், அதனால் அளவை ‘சுண்ணாம்புத் தேவை’ சோதனைப்படியே முடிவு செய்யுங்கள். கோசு நடவுக்கு இரண்டு மாதம் முன்பே டாலமைட்டை (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள்) கலந்துவிடுங்கள். சுண்ணாம்போடு யூரியாவைச் சேர்த்துப் போட்டால் தழைச்சத்து (நைட்ரஜன்) அமோனியாவாகப் பறந்துவிடும்.

கேள்வி (சென்னை மொட்டைமாடி): பி.எச். தாள் வாங்கினால் போதாதா?

பதில்: புளிப்பா, காரமா என்று தெரிய போதும். 8.3க்கும் 8.8க்கும் வித்தியாசம் அதில் தெரியாது. வயல்காரர்கள் ஆய்வுக்கூடத்துக்கே அனுப்புங்கள்: ஏக்கரில் 10, 15 இடத்தில் ‘வி’ வடிவக் குழி, 15 செ.மீ. ஆழம், பக்கவாட்டில் சுரண்டிய மண். எல்லாவற்றையும் கலந்து, நிழலில் உலர்த்தி, நான்காகப் பிரித்து எதிரெதிர் பங்கைக் கழித்து, அரைக்கிலோ எடுக்கவும். எருக்குவியல், வரப்பு, மரநிழல் மண் வேண்டாம். போர் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கூடவே கொடுங்கள். கார்பனேட், பைகார்பனேட் மிகுந்த தண்ணீராக இருந்தால், திருத்திய நிலத்தை அதுவே மறுபடி களராக்கிவிடும்.