கண்ணு வரைய எந்த பிரஷ்? – வாங்கறதுக்கு முன்னாடி கேளுங்க

கே: அண்ணா, வார்ஹேமர்ங்கற போர் விளையாட்டுல வர்ற குட்டிப் பொம்மைங்களுக்கு பெயின்ட் பண்ணப் பழகறேன். 28 மிமீ உருவம், தலையே மிளகு சைஸ்தான். கண்ணு வரையறதுக்காக 000, 5/0, 10/0னு ரொம்பப் பொடி சைஸ்ல பத்து பிரஷ் இருக்கற செட் 1,400 ரூபாய்க்கு பாத்து வெச்சிருக்கேன். வாங்கலாமா? – மதுரை

ப: வேண்டாம் தம்பி. இந்த செட்டுங்களப் பாத்தாலே எனக்குக் கோவம் வரும், ஏன்னா நானும் ஒண்ணு வாங்கி, என் கைதான் சரியில்லன்னு ஒரு வருஷம் நெனச்சிட்டு இருந்தேன். கைல ஒண்ணுமே கொறை இல்ல. 10/0ல இருக்கறதே நாலஞ்சு முடி, அது புடிக்கறது ஒரு பொட்டு பெயின்ட், அத முகத்துகிட்ட கொண்டு போறதுக்குள்ள நுனியிலயே காஞ்சிடும், காஞ்சது கண்ணுல கட்டியா ஒட்டும், அத சரி பண்றேன்னு திரும்பத் திரும்பத் தொட்டு மூக்கையும் சேத்து மூடிடுவோம். கோடு மெல்லிசா விழறதுக்கு நம்பர் காரணம் இல்ல, நுனிதான் காரணம். நல்ல கொலின்ஸ்கி ஸேபிள்ல (சைபீரிய வீசல்ங்கற மிருகத்தோட வால் முடி) 1ம் நம்பர் ஒண்ணே ஒண்ணு வாங்குங்க. வயிறு பெருசா இருக்கும், பெயின்ட் அதுல தங்கும், நுனி ஊசி மாதிரி கூடும். வின்சர் அண்ட் நியூட்டன் சீரிஸ் 7 இந்த வேலைக்கு ரொம்ப காலமா பேர் போனது, 1866ல விக்டோரியா ராணி கேட்டு செஞ்சதுன்னு கம்பெனியே சொல்லும். அதுலயே ‘மினியேச்சர்’னு இன்னொரு வகை வருது, முடி கட்டையா இருக்கும், பெயின்ட் கம்மியா புடிக்கும், பேரப் பாத்து அத எடுத்துடாதீங்க. கடையில தண்ணி கேட்டு நனைச்சு ஒரு உதறு உதறுங்க, நுனி ரெண்டா பிரிஞ்சா அங்கயே வெச்சிட்டு வந்துடுங்க.

கண்ணுக்கு: பெயின்ட்ட பால் பதத்துக்கு தண்ணி விட்டுக் கலக்கி, பிரஷ்ஷ டிஷ்யூல ஒரு தடவ ஒத்தி, கண்குழியில மொதல்ல கருப்பா ஒரு கோடு. அது காஞ்சதும் ஓரத்துல கருப்பு தெரியற மாதிரி உள்ள வெள்ளை. நடுவுல மேலேர்ந்து கீழ ஒரே இழுப்பா கருப்பு, புள்ளி வெக்காதீங்க, வெச்சா முழிச்சிப் பாக்கற மாதிரி ஆயிடும். பிசிறு வந்தா தோல் கலர வெச்சு மூடிக்கலாம்.

கே: 60 பாட்டில் பெயின்ட் செட் ஆஃபர்ல வருது, எடுக்கலாமா? – சிங்கப்பூர்

ப: எடுக்காதீங்க. கருப்பு, வெள்ளை, சிவப்பு, நீலம், மஞ்சள், பிரவுன், தோல் கலர், சில்வர், பள்ளத்துல ஓடி நிழல் காட்டற தண்ணியான பிரவுன் வாஷ் ஒண்ணு. மொதல் பத்து பொம்மைக்கு இது போதும்.

கே: அடை மழை நேரத்துல பால்கனில வெச்சு பிரைமர் (பெயின்ட்டுக்கு முன்னாடி அடிக்கற அடிப்பூச்சு) ஸ்பிரே அடிச்சேன், இருபது பொம்மையும் மாவு தூவின மாதிரி சொரசொரன்னு ஆயிடுச்சு. நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டு கழுவலாமா? – சென்னை

ப: ஈரக்காத்துல அடிக்காதன்னு ஸ்பிரே டப்பா மேலயே பொதுவா எழுதியிருக்கும், நெறைய பேர் அத படிக்கறதே இல்ல, அப்புறம் எனக்கு லெட்டர் போடறீங்க. ஒரு பொம்மையில அடிச்சுப் பாத்துட்டு மிச்சத்துக்குப் போயிருந்தா பத்தொம்போது தப்பிச்சிருக்கும். ரிமூவர கிட்டயே கொண்டு போகாதீங்க, அதுல இருக்கற அசிட்டோன் பிளாஸ்டிக்க கரைச்சு வாளு, முகம் எல்லாத்தையும் கூழாக்கிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல ஊற வெச்சு பழைய டூத் பிரஷ்ல மெதுவா தேய்ங்க, பக்கத்துல அடுப்பு இருக்கக் கூடாது, ஜன்னல் தொறந்திருக்கணும். மழை முடியற வரைக்கும் கையால பூசற பிரைமர் வாங்கிக்கோங்க.

கே: என் பொண்ணு உண்டியல் காசுல ஆன்லைன்ல 1,800 ரூபாய்க்கு ‘ஒரிஜினல் கொலின்ஸ்கி’ பிரஷ் வாங்கினா சார். ரெண்டே வாரத்துல நுனி கொக்கி மாதிரி வளைஞ்சிடுச்சு. யூஸ் பண்ணத திருப்பி எடுக்க மாட்டோம்னு சொல்றாங்க. – கோயம்புத்தூர்

ப: படிக்கவே மனசு கஷ்டமா இருக்கும்மா. பாப்பா மேல தப்பு இல்ல, அவகிட்ட அத மொதல்ல சொல்லிடுங்க. நுனி கொக்கியாறது பெரும்பாலும் நைலான் முடி பண்ற வேலை. பிரஷ்லேர்ந்து ஒரு முடிய புடுங்கி இடுக்கியால புடிச்சு தீயில காட்டுங்க. நெஜ முடின்னா தலைமுடி கருகற வாசனை வந்து பொடியாயிடும், நைலான்னா உருகி குட்டி மணியா சுருண்டுக்கும். அத வீடியோ எடுங்க, கூடவே ‘கொலின்ஸ்கி’ன்னு போட்ட விளம்பரத்த இப்பவே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க, நாளைக்கே அத எடுத்துடுவாங்க. விளம்பரத்துல சொன்ன மாதிரி இல்லாத பொருள திருப்பி எடுக்க மாட்டேன்னு விக்கறவர் சொல்லக் கூடாதுன்னு 2020 இ-காமர்ஸ் விதியே இருக்கு. இத எழுதி மெயில் போட்டுட்டு தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி புகார் குடுங்க. மசியலன்னா உங்க மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ஆன்லைன்லயே கேஸ் போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கெடையாது, வாங்கி ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். தொகை சின்னதுன்னு விட்டுடாதீங்க. என்ன ஆச்சுன்னு எனக்கு எழுதுங்க.

கே: வெட் பேலட் (பெயின்ட் காயாம வெக்கற ஈரத் தட்டு) 3,500 ரூபா சொல்றாங்க, அவசியமா? – டொரான்டோ போற வழியில சென்னைல இருக்கேன்

ப: வெட் பேலட் அவசியம், 3,500 அவசியம் இல்ல. மூடி இருக்கற தட்டையான டிபன் டப்பா, உள்ள நனைச்ச ஸ்பாஞ்ச், மேல கேக் சுடறதுக்கு போடற பேக்கிங் பேப்பர். மெழுகு பேப்பர் வாங்கிடாதீங்க, அதுல தண்ணி ஏறாது.