ஆங்கிலத்தில் வென், இஃப் வந்தால் ‘வில்’ எங்கே போகிறது?

“வென் ஐ வில் ரீச் மெஜஸ்டிக், ஐ வில் கால் யூ” என்று எழுதினால் பெங்களூர் ஆபீஸில் திருத்துகிறார்கள், இரண்டுமே இனி நடக்கப்போவதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்கப்போவதுதான், ஆனால் வென், இஃப், அன்டில், ஆஃப்டர் மாதிரி இணைப்புச் சொல் காலத்தையோ நிபந்தனையையோ சொல்லும் பகுதியில் பொதுவாக வில் போடுவதில்லை; “வென் ஐ ரீச்” போதும், எதிர்காலத்தை மற்ற பாதியிலுள்ள வில் பார்த்துக்கொள்ளும். நாமும் “வந்ததும் கூப்பிடுறேன்” என்றுதானே சொல்கிறோம்.

அப்புறம், “ஐ டோன்ட் நோ வென் தி பஸ் வில் கம்” சரியா? பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நிற்கிற எவரும் அனுப்பும் வாக்கியம், சரிதான். அங்கே வென் என்பது ‘எப்போது’ என்ற கேள்வி, அதனால் வில் தாராளமாக வரலாம்.

அன்லெஸ்ஸில்தான் வம்பு. அந்தச் சொல்லிலேயே ‘இல்லாவிட்டால்’ இருக்கிறது; “அன்லெஸ் யூ டோன்ட் கம்” என்றால் பொருளே தலைகீழ்.