மாடியில் ஒரு ஆப்ரா ஹவுஸ்

வணக்கம் சார்,

அமெரிக்காவில் ஒரு காலத்தில் சின்னச் சின்ன ஊர்களில்கூட ஆப்ரா ஹவுஸ் (இசை நாடக அரங்கு) இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். சில ஆயிரம் பேர் வாழும் ஊரில் அதை எப்படிக் கட்டுப்படியாக நடத்தினார்கள்? சினிமா வந்துதான் எல்லாம் மூடியதா?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

பல ஊர்களில் கீழ்த்தளத்து வாடகைதான் கைகொடுத்தது. கீழே கடைகளும் சில இடங்களில் பாங்கும் இருக்கும், மாடியில் மேடை. நம் ஊரில் ஜவுளிக்கடைக்கு மேலே கல்யாண மண்டபம் இருக்கிற மாதிரி. டிக்கெட் விற்காத மாதத்திலும் சொந்தக்காரருக்குக் கையைக் கடிக்காது. ரயிலில் ஊர் ஊராக வரும் நாடகக் கம்பெனி, பள்ளி விழா, தேர்தல் கூட்டம் எல்லாம் அங்கேதான். ஆப்ரா நடந்ததுதான் அபூர்வம்!

அந்த மாடியே பிறகு வினையானது. பென்சில்வேனியாவில் பாயர்டவுன் என்று ஓர் ஊர். அங்கே இருந்தது ரோட்ஸ் ஆப்ரா ஹவுஸ். 1908 ஜனவரி 13, திங்கட்கிழமை இரவு, உள்ளூர் லூத்தரன் சர்ச் சார்பில் ஸ்காட்லாந்து மதச் சீர்திருத்தம் பற்றிய நாடகம். நடித்தவர்களும் ஊர்க்காரர்கள்தான், அதனால் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். நடுவில் விளக்குப் பெட்டி வைத்து ஸ்லைடு படம் காட்டினார்கள். அந்தப் பெட்டிக்கு வாயு போகும் குழாயிலிருந்து திடீரென்று உஸ்ஸென்று சத்தம். கூட்டம் மிரண்டது. என்னவென்று பார்க்க மேடையிலிருந்தவர்கள் திரையைத் தூக்கினார்கள். அந்தக் களேபரத்தில் மேடை விளிம்பில் இருந்த மண்ணெண்ணெய் விளக்குகள் கவிழ்ந்து தீ பிடித்தது.

எல்லோரும் வந்த வழியே ஓடினார்கள். வாசலில் இரட்டைக் கதவு, உள்பக்கமாகத் திறப்பது. அதிலும் ஒன்று தாழிட்டிருந்தது. பின்னாலிருந்து நெருக்கும் கூட்டத்தோடு கதவை உள்ளே இழுக்க முடியுமா? அதைத் தாண்டினால் குறுகலான படிக்கட்டு. வெளிச்சுவரில் தீப்பிடித்தால் தப்பிக்க ஏணிகள் இருந்தன. ஆனால் ஜன்னல் ஏறிக் குதித்தால்தான் அவற்றை எட்ட முடியும், வழி இதுதான் என்று காட்ட ஒரு பலகைகூடக் கிடையாது. தீயணைக்க வந்த வீரர் ஒருவரையும் சேர்த்து 171 பேர் இறந்தார்கள்.

எனக்கு ஆறாத விஷயம், பாடம் ஏற்கெனவே கிடைத்திருந்தது என்பதுதான். 1903 டிசம்பரில் சிகாகோவின் இரோக்வாய் தியேட்டர் எரிந்து 600 பேருக்கு மேல் மாண்டார்கள், அதுவும் 'தீயே பிடிக்காது' என்று விளம்பரம் செய்த தியேட்டரில். அப்புறம் பெருநகரத் தியேட்டர்களில் கெடுபிடி வந்தது. மாடி மேடைகளை யார் எட்டிப் பார்த்தார்கள்? பென்சில்வேனியாவில் பாயர்டவுனுக்குப் பிறகு, 1909-இல்தான் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்பது போன்ற விதிகளோடு சட்டம் வந்தது.

சினிமாவுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. கம்பெனி நாடகத்தைவிடப் படச்சுருள் மலிவு. பல ஆப்ரா ஹவுஸ்கள் கொஞ்ச காலம் படக் கொட்டகையாகவே ஓடின. ஆனால் தரைத்தளத்தில், அகலமான வாசலோடு புதுத் தியேட்டர் வந்துவிட்ட ஊரில் மாடிப்படி ஏற ஆளில்லை. கீழே கடைகள் மட்டும் தம் பாட்டுக்கு நடந்தன.

அன்புடன்.